அம்மாவின் உத்தரியத்தைக் கழற்றியது யார்

1

அம்மா இறந்து ஒரு வருஷமும் மூன்று வாரமும் ஆகின்றன. வருஷப் பூசைக்காகப் புதுச்சேரிக்குப் போய்விட்டு, போன வாரம்தான் இங்கிலாந்தில் கென்ட்டுக்குத் திரும்பினேன். திரும்பியதிலிருந்து வேலைக்குப் போகிறேன், சமைக்கிறேன், துணி மடிக்கிறேன், ஆனால் கோபம் மட்டும் அடங்கவில்லை. போன ஒரு வருஷமாக ஒரு பெண்ணைத் திருடி என்று சொல்லிக்கொண்டிருந்தேன், அவள் பெயர்கூடத் தெரியாமல். அது தப்பு என்று தெரிந்துவிட்டது. ஊர் முழுக்கச் சொன்ன பொய்யை ஊருக்குத்தானே திருத்திச் சொல்ல வேண்டும். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

விஷயம் ஒரு உத்தரியம். கத்தோலிக்க வேதக்காரர்கள் வீட்டில் பிறக்காதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். தீப்பெட்டி அகலத்துக்கு இரண்டு பழுப்புக் கம்பளித் துண்டுகள், இரண்டையும் இணைக்க இரண்டு கயிறுகள். தலை வழியாக மாட்டினால் ஒரு துண்டு மார்பிலும் ஒரு துண்டு முதுகிலும் கிடக்கும். சாமியார் மந்திரித்துப் போட்டுவிட்டால் அப்புறம் கழற்றுவதில்லை. குளிக்கும்போதும் இல்லை, பிரசவத்திலும் இல்லை. நைந்து போனால் பழையதை எரித்துவிட்டுப் புதுசு மாட்டிக்கொள்ளலாம். முக்கியமானது ஒன்றே ஒன்று: சாகும்போது அது கழுத்தில் இருக்க வேண்டும். இருந்தால் நித்திய நெருப்பு தொடாது என்பது மாதா கொடுத்த வாக்கு.

மாதா அந்த வாக்கை யாரிடம் கொடுத்தார் என்றால் ஒரு ஆங்கிலேயப் புனிதரிடம். அர்ச்சியசிஷ்ட சீமோன் ஸ்டாக் என்று அம்மா முழுப் பெயரோடு, மரியாதையோடு சொல்வாள். ஏறக்குறைய எண்ணூறு வருஷத்துக்கு முந்தையவர், மரப்பொந்தில் தவம் கிடந்தவர் என்பது கதை. செத்தது பிரெஞ்சு மண்ணில், பொர்தோவில். அவருடைய மண்டையோட்டைப் பிரெஞ்சுக்காரர்கள் பல நூற்றாண்டு கழித்துத்தான் இங்கிலாந்துக்குத் திருப்பிக் கொடுத்தார்கள். மாதா காட்சி கொடுத்த கதையே அவர் செத்து வெகுகாலம் கழித்து எழுதப்பட்டது என்று சொல்கிற ஆராய்ச்சியாளர்களும் உண்டு. அம்மாவிடம் அதை ஒரு தடவை சொன்னேன். எழுதினவன் லேட்டா எழுதினா மாதா என்ன பண்ணுவாங்க என்று கேட்டுவிட்டு வெங்காயம் உரிக்கப் போய்விட்டாள்.

2

நான் இங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸ். பதினெட்டு வருஷம் ஆகிறது. புதுச்சேரியில் எங்கள் தெருவில் வெளிநாடு என்றால் பிரான்ஸ்தான். தாத்தா காலத்தில் பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டும் என்பவர்கள் கெடுவுக்குள் போய்க் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. எங்கள் வீட்டில் போடவில்லை. ஏன் என்று கேட்டால் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் பிறந்த கையோடு பாரீஸ்காரர்கள் ஆனார்கள். நான் படித்து, பரீட்சை எழுதி, எனக்கு ஆங்கிலம் தெரியும் என்று மூன்று தடவை நிரூபித்து, இங்கே வந்து சேர்ந்தேன்.

வந்த புதிதில் ஒரு சந்தோஷம் இருந்தது. சீமோன் ஸ்டாக்கின் மண்டையோடு வைத்திருக்கிற மடம் எங்கள் வீட்டிலிருந்து பன்னிரண்டு மைல். மெட்வே ஆற்றங்கரையில் இருக்கிறது. போனில் சொன்னபோது அம்மா அழுதேவிட்டாள். பாரீஸ் போனவர்கள் யாருக்கும் கிடைக்காத பாக்கியம் என்று தெருவெல்லாம் சொல்லி வைத்தாள்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் எங்கள் வார்டுக்குப் புதிதாக ஒரு மேலாளர் வந்தாள். என் கழுத்தைப் பார்த்துவிட்டு, அந்தக் கயிற்றைக் கழற்றிவிடு, நோய்த்தொற்று விதி என்றாள். விதி சரியானதுதான். புதிதாகச் சேருகிற பிள்ளைகளுக்கு நானே அதைச் சொல்லிக்கொடுக்கிறேன். ஆனாலும் இது உங்கள் ஊர் அர்ச்சியசிஷ்டர் கொடுத்தது, பன்னிரண்டு மைலில்தான் இருக்கிறார் என்று சொல்லிப் பார்த்தேன். ஓ, அந்த இடமா, அங்கே கிறிஸ்துமஸ் சந்தை நன்றாக இருக்குமே, கேக்கும் நன்றாக இருக்கும் என்றாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மே மாதத்து அக்னி வெயிலில், கம்பளி அரித்து அரித்துக் கழுத்தெல்லாம் வேர்க்குரு போட்டும் கழற்றாதவர்கள் நாங்கள். இவர்கள் ஊர் ஆளை இவர்களுக்கே தெரியவில்லை.

இவ்வளவு கோபப்பட்டேனே, என்ன செய்தேன் தெரியுமா? கழற்றிவிட்டேன். லாக்கரில் வைத்தேன். வீட்டுக்குப் போகும்போது மாட்டிக்கொள்ளலாம் என்றுதான் வைத்தேன். ஒரு வாரம் மாட்டினேன், அடுத்த வாரம் மறந்தேன், அப்புறம் லாக்கரை மாற்றினார்கள். அது எங்கே போனதென்று இன்றைக்கும் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை அம்மா வீடியோவில் வரும்போது மட்டும் கழுத்து மூடிய ஸ்வெட்டரைப் போட்டுக்கொள்வேன். கோடையிலும் போட்டுக்கொள்வேன். அங்க அவ்ளோ குளிரா என்று அம்மா கேட்பாள், ஆமாம் என்பேன்.

என் மகள் ஜெனிக்குப் பதினேழு வயது. அவளுக்கு மந்திரித்துப் போட்ட உத்தரியம் ஒரு நகைப்பெட்டியில் காதணிகளோடு சிக்கிக் கிடக்கிறது. தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்கிற பெண் அவள். கோயிலுக்கு வா என்றால் பரீட்சை என்பாள். நான் அவளைத் திட்டுவதுண்டு. ஸ்வெட்டர் விஷயம் அவளுக்குத் தெரியும், அதனால் ரொம்பத் திட்டுவதில்லை.

3

அம்மா என்னை வாழ்நாளில் ஒரு தடவைதான் அடித்தாள். அதுவும் உத்தரியத்துக்காகத்தான்.

ஆறாம் வகுப்பு. பக்கத்தில் உட்கார்கிற சிநேகிதிக்குக் கணக்குப் பரீட்சை என்றால் பயம். ஒருநாள் அவள் அழுததைப் பார்த்து என் உத்தரியத்தைக் கழற்றி அவள் கழுத்தில் போட்டுவிட்டேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது வெள்ளைச் சட்டைக்குள் வழக்கமாகத் தெரிகிற பழுப்புச் சாயக்கறை தெரியவில்லை. அம்மாவுக்கு அந்தக் கண் உண்டு. மர அகப்பையால் முழங்காலுக்குக் கீழே இரண்டு போட்டாள்.

"கழுத்துல கெடக்கறத எவளுக்காவது கழட்டிக் குடுப்பியா? இந்த நேரத்துல நீ செத்துப் போயிருந்தா என்னாவும்?"

பதினோரு வயதுப் பெண்ணிடம் கேட்கிற கேள்வியா இது என்று பிற்பாடு பல தடவை கோபப்பட்டிருக்கிறேன். ஆனால் அவள் பயம் நிஜம். அம்மா வேறு எதற்கும் பயப்பட மாட்டாள். புயலுக்கோ கடனுக்கோ அப்பாவின் உறவுக்காரர்களுக்கோ பயந்து நான் பார்த்ததில்லை. உத்தரியம் இல்லாமல் சாவதற்கு மட்டும் பயந்தாள். அறுபது வருஷத்துக்கு மேல் ஒரு நிமிஷம் கழற்றாமல் போட்டிருந்தாள். கயிறு அற்றுப்போன ஒரு இடத்தில் பச்சை நூலால் தானே தைத்துக்கொண்டிருந்தாள். அந்தப் பச்சைத் தையலை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

4

போன வருஷம் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் விழுந்துவிட்டது. என் தம்பி அந்துவான் அவளை ஊருக்கு வெளியே ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தான். பெயர் வேண்டாம். பெண்கள் பொது வார்டு, ஆண்களைச் சாயங்காலம் ஒரு மணி நேரம்தான் உள்ளே விடுவார்கள். முதல் நாள் பேச்சுக் குழறினாலும் புரிந்ததாம். நர்ஸுகளையெல்லாம் மடத்துக் கன்னியர்களைக் கூப்பிடுவது போல மசேர், மசேர் என்று கூப்பிட்டாளாம். இரண்டாம் நாள் மத்தியானம் பேச்சு நின்றது. நான்காம் நாள் காலையில் இறந்துவிட்டாள். எனக்கு லீவு கையெழுத்தாகி, டிக்கெட் கிடைத்து, வீடு வந்து சேர்ந்தபோது பெட்டியை மூடக் காத்திருந்தார்கள்.

கல்லறையிலிருந்து திரும்பியபோது அந்துவான் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னான். முதல் நாள் தலை ஸ்கேனுக்குக் கொண்டுபோகும் முன் வார்டு ஆயா அம்மாவின் உத்தரியத்தைக் கழற்றியதை அவன் பார்த்திருக்கிறான். அதற்கப்புறம் அவள் கழுத்து போர்வைக்குள் இருந்ததால் கவனிக்கவில்லை. மூன்றாம் நாள் சாயங்காலம் போனபோதுதான் கழுத்து வெறுமையாக இருந்ததைப் பார்த்தான்.

"எடது கையால கழுத்தத் தடவித் தடவிப் பாத்தாங்கக்கா. வாய் வரல. கண்ணு மட்டும் சுத்திச் சுத்தித் தேடுச்சு. என்னால தாங்க முடியல. வெளிய போயி நர்ஸுங்ககிட்ட சண்ட போட்டேன். ஒருத்தரும் ஒண்ணும் சொல்லல."

அவன் அன்றைக்கே புதுசு ஒன்று வாங்கி வைத்திருக்கிறான். மறுநாள் மாட்டலாம் என்று நினைத்திருக்கிறான். மறுநாள் பெட்டிக்குள்தான் மாட்ட முடிந்தது. அது கணக்கில் வராது என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

எனக்குத் தெய்வ நம்பிக்கை எவ்வளவு என்று இப்போது கேட்டால் பதில் சொல்லத் தெரியாது. ஆனால் அம்மாவுக்கு இருந்தது. அவள் கடைசியாக நினைத்தது நெருப்பைத்தான் என்ற எண்ணத்தோடு நான் விமானம் ஏறினேன். கண்ணை மூடினால் அந்த இடது கை கழுத்தில் தடவும். எங்கள் வார்டில் நோயாளியின் பல்செட்டைக் கழற்றினாலும் எழுதி, உறையில் போட்டு, பெயர் ஒட்டி வைப்போம். ஒரு கிழவியின் கழுத்துத் துணியைக் கழற்றித் தூக்கிப் போட்டுவிட்டார்களே என்று பொங்கினேன். அம்மா அதில் ஒரு வெள்ளிச் சுரூபத்தை, சின்ன மாதா பதக்கத்தை, கோத்திருந்தாள். அதற்காகத்தான் எடுத்திருக்கிறாள் அந்த ஆயா என்று முடிவு கட்டினேன்.

அந்துவான் நாலு தடவை நேரில் போய்க் கேட்டான். தாழ்வாரத்தில் உட்கார வைத்தே அனுப்பினார்கள். நான் கென்ட்டிலிருந்து ஒரு மெயில் போட்டேன். கீழே என் வேலை, என் முகவரி எல்லாம் இருந்தது. ஜெனி உட்கார்ந்து ஆங்கிலத்தைக் கூர்தீட்டிக் கொடுத்தாள். இணையத்திலும் ஒற்றை நட்சத்திரம் போட்டுத் திட்டி எழுதினேன். நான்காம் நாள் பதில் வந்தது. வருந்துகிறார்களாம். சம்பந்தப்பட்ட ஒப்பந்தப் பணியாளர் வேலையிலிருந்து நீக்கப்பட்டுவிட்டாராம்.

அதைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். பாரீஸிலிருந்தும் முத்தியால்பேட்டையிலிருந்தும் கட்டைவிரல்கள் வந்து குவிந்தன. ஜெனி மட்டும் அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு யாராவது கேட்டார்களா என்று ஆங்கிலத்தில் கேட்டாள். உனக்கு இதெல்லாம் புரியாது என்றேன்.

5

வருஷப் பூசைக்குக் கிளம்பும் முன் ஆற்றங்கரை மடத்துக்குப் போய் ஒரு புது உத்தரியம் வாங்கினேன். அம்மாவின் கல்லறையில் அதைப் புதைக்க வேண்டும் என்பது திட்டம். கீழ் அலுவலகத்தில் நடந்த தப்புக்குத் தலைமை அலுவலகத்தில் மேல்முறையீடு செய்வது போல. மண்டையோட்டின் முன்னால் நின்று, ஐயா, உம்ம துணியை நம்பினவளை இப்படி விடலாமா என்று தமிழிலேயே கேட்டேன். பக்கத்தில் ஒரு குடும்பம் தேநீர்க் கடை எந்தப் பக்கம் என்று பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

புதுச்சேரியில் அந்துவான் வழக்கப்படி அம்மா படத்தோடு முதலாமாண்டு நினைவஞ்சலி போஸ்டர் அடித்துப் பெரிய மார்க்கெட் சுவர்களில் ஒட்டியிருந்தான். பிரெஞ்சுக்காரத் தெருக்களின் மஞ்சள் சுவர்ப் பக்கம் ஒட்டக் கூடாதாம், அங்கே டூரிஸ்டுகள் போட்டோ எடுக்கிறார்களாம். எங்கள் சாவுக்கு எங்கள் ஊர்ச் சுவரிலேயே இடம் பார்க்க வேண்டியிருக்கிறது.

பூசைக்கு முந்தின நாள் காலையில் வாசலில் ஒரு அம்மாள் காலி மீன்கூடையை இறக்கி வைத்துவிட்டு நின்றார். அறுபது வயது இருக்கும். மதலேன் அம்மா வூடு இதானே என்று அம்மாவின் பெயரைச் சொல்லிக் கேட்டார். போஸ்டரில் படத்தைப் பார்த்தாராம், எழுத்துத் தெரியாததால் பூக்கடைக்காரரிடம் முகவரி படிக்கச் சொல்லி வந்தாராம். பெயர் அஞ்சலை. காலாப்பட்டுப் பக்கத்துக் குப்பம், பெரிய மார்க்கெட்டில் மீன் விற்கிறவர். ஆஸ்பத்திரியில் அம்மாவுக்குப் பக்கத்துக் கட்டில்.

உட்காருங்கள் என்று சொல்ல வாயெடுத்தவள் அப்படியே நின்றுவிட்டேன். அவர் கழுத்தில் மஞ்சள் கயிற்றோடு ஒரு பழுப்புக் கயிறு இருந்தது. அதில் பச்சை நூல் தையல், கூடவே அந்த வெள்ளிச் சுரூபம். தையலுக்குக் கீழே எனக்குத் தெரியாத ஒரு முரட்டு முடிச்சும் இருந்தது.

இது எங்கம்மாவுடையது, உங்களிடம் எப்படி வந்தது என்று நான் கேட்ட தொனி நல்ல தொனி இல்லை. அந்துவான் உள்ளேயிருந்து ஓடி வந்துவிட்டான். அஞ்சலையம்மா பதறவில்லை. இரண்டாம் நாள் காலையில் அவருக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன். கூட யாரும் இல்லை, மகன்கள் கடலுக்குப் போயிருந்தார்கள். பயத்தில் சத்தம் போட்டு அழுதிருக்கிறார். அம்மா பக்கத்துக் கட்டிலிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தாளாம்.

"ஒத்தக் கையால தல வழியா கழட்டுனாங்க. கிட்ட வான்னாங்க. நானே குனிஞ்சேன். போட்டு உட்டாங்க. கழட்டாத, நெருப்பு கிட்ட வராதுன்னாங்க. வாய் கொழறுச்சு, ஆனா புரிஞ்சுது."

ஆபரேஷன் தியேட்டரில் கயிற்றை வெட்டிப் போடப் பார்த்தார்களாம். கழட்டக் கூடாதுன்னு அந்த அம்மா சொல்லியிருக்காங்க என்று பிடித்துக்கொண்டாராம். கடைசியில் கால் கட்டைவிரலில் சுற்றிப் பிளாஸ்டர் போட்டுக் கொண்டுபோனார்களாம், முடிந்ததும் கழுத்திலேயே மாட்டிவிட்டார்களாம். நாங்கள் தேடியது அவருக்குத் தெரியாது. மூன்றாம் நாள் ராத்திரியே அவரைக் கீழ்மாடிக்கு மாற்றிவிட்டார்கள். அம்மா செத்தது போஸ்டர் பார்க்கும்வரை தெரியாது.

எனக்கு வந்த முதல் உணர்ச்சி நன்றியோ கண்ணீரோ இல்லை. கோபம்தான். அம்மா மேல். அகப்பையால் அடித்தாயே, அந்த நேரத்தில் நீ செத்திருந்தால் என்னாவும் என்று கேட்டாயே. நான் கொடுத்தால் அடி, நீ கொடுத்தால் சரியா? யாரென்றே தெரியாத ஒரு அம்மாளுக்காக, அறுபது வருஷம் காத்த ஒன்றை, சாவதற்கு இரண்டு நாள் இருக்கும்போது கழற்றினாயே. எங்களை ஒரு நிமிஷம் நினைத்தாயா?

அடுத்த நிமிஷம்தான் அந்த ஆயாவின் நினைவு வந்தது.

6

அஞ்சலையம்மாவைக் கூட்டிக்கொண்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போனேன். வெளிநாட்டிலிருந்து வந்திருக்கிறேன் என்றதும் நிர்வாக அலுவலர் அறைக்கு நேரே விட்டார்கள். அந்துவான் நாலு தடவை உட்கார்ந்த தாழ்வாரத்தைக் கடந்துதான் போனோம்.

என் புகார் தப்பு, அந்தப் பெண் எதையும் எடுக்கவில்லை, வேலையைத் திரும்பக் கொடுங்கள் என்றேன். கோப்பு மூடியாயிற்று என்றார் அலுவலர். அவள் ஒப்பந்தக் கம்பெனி ஆளாம், அந்தக் கம்பெனியே மாறிவிட்டதாம். புகார் கொடுக்கப் படிவம் உண்டு, வாபஸ் வாங்கப் படிவம் இல்லையாம். விசாரித்தீர்களா என்று கேட்டேன். நீங்கள்தான் மேடம் இணையத்தில் அப்படி எழுதியிருந்தீர்கள் என்று என்னிடமே திருப்பினார்.

கடைசியில் ஏதாவது ஆதாரம் இருந்தால் கோப்பில் சேர்க்கலாம் என்று இறங்கி வந்தார். அந்தப் பொருளைக் கழற்றி மேசை மேல் வைக்கச் சொல்லி அஞ்சலையம்மாவிடம் சொன்னார், போட்டோ எடுக்க வேண்டுமாம்.

"கழட்ட மாட்டேன் சார். கழட்டாதன்னு சொல்லித்தான் போட்டாங்க. பாக்கணும்னா எழுந்து வந்து பாருங்க."

அந்த நாற்காலியிலிருந்து அலுவலர் எழுந்து நான் பார்த்தது அப்போதுதான். மேசையைச் சுற்றி வந்து, மீன் விற்கிற ஒரு அம்மாளின் முன்னால் குனிந்து, பச்சைத் தையலைப் பார்த்தார். கழுத்தில் இருந்தபடியே போட்டோ எடுத்தார். பார்த்ததாக எழுதிக் கொடுங்கள் என்றேன். அதற்கும் படிவம் இல்லை.

ஆயாவின் பெயரை வெளியே ஒரு நர்ஸ்தான் சொன்னாள். செல்வி. இப்போது தட்டாஞ்சாவடியில் பாட்டில் மூடி செய்கிற ஒரு சின்னக் கம்பெனியில் பேக்கிங் வேலை. சாப்பாட்டு நேரத்துக்கு அங்கே போய் நின்றோம். நாற்பது வயது இருக்கும், டிபன் பாக்ஸோடு கேட்டுக்கு வந்தாள். என்னைப் பார்த்ததும் நீங்கதான் லண்டன் மேடமா என்று கேட்டாள். கென்ட் என்று திருத்தத் தோன்றவில்லை.

நான் தயார் செய்து வைத்திருந்த மன்னிப்பு பாதியிலேயே நின்றது. அவள் அதைக் கேட்கவில்லை. அஞ்சலையம்மாவின் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கிட்டே வந்து அந்த முரட்டு முடிச்சை விரலால் தொட்டாள்.

"இது நான் போட்ட முடிச்சு. ஸ்கேன் ரூம்லருந்து வந்ததும் நான்தான் தல வழியா மாட்டி உட்டேன். கயிறு அவுந்து இருந்துச்சு, முடிச்சும் போட்டேன். இதச் சொல்றதுக்கு என்ன யாரும் கூப்புடல மேடம்."

நான் எழுதி வைத்திருந்த கடிதத்தை நீட்டினேன். செல்வி எதையும் எடுக்கவில்லை, என் புகார் தவறு என்று தமிழில் எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தேன். அவள் வாங்கவில்லை. அதை ஆஸ்பத்திரியில் கொடுங்கள், நான் எடுக்கலன்னு எனக்குத் தெரியும், எனக்கெதுக்கு என்றாள். மன்னித்தேன் என்று சொல்லவில்லை, திட்டவும் இல்லை. சாப்பாட்டு நேரம் போய்விடும் என்று உள்ளே போய்விட்டாள்.

கடிதத்தை மெயிலில் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். இணையத்தில் எழுதியதையும் மாற்றி எழுதினேன். குடும்பக் குழுவில் போட்டதற்கு ஒரு கட்டைவிரலும் வரவில்லை. மூன்று வாரம் ஆகிறது, ஆஸ்பத்திரியிலிருந்து பதில் இல்லை. ஒரு ஏழைப் பெண்ணின் வேலையைப் பறிக்க என் மெயிலுக்கு நாலு நாள் போதுமாக இருந்தது. அதே முகவரிதான், அதே ஆங்கிலம்தான், திருப்பிக் கொடுக்க மட்டும் வேலை செய்யவில்லை. வாரம் ஒன்று அனுப்புகிறேன். அனுப்பிக்கொண்டேதான் இருப்பேன்.

7

அஞ்சலையம்மாவைக் காலாப்பட்டு பஸ் ஏற்றிவிட நிறுத்தத்தில் நின்றோம். வெயில் மண்டையைப் பிளந்தது. அவ்வளவு நேரம் அடக்கி வைத்திருந்ததைக் கேட்டுவிட்டேன். அம்மா கடைசிவரை கழுத்தைத் தடவித் தேடினாளே, பக்கத்துக் கட்டிலில் அதைப் போட்டுக்கொண்டு படுத்திருந்தீர்களே, எப்படிப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள் என்று கேட்டேன்.

அவர் என்னை ஆச்சரியமாகப் பார்த்தார்.

"தேடல பாப்பா. என்னத்தான் கேட்டாங்க. ஆபரேஷனுக்கு மறுநாளு மத்தியானம்தான் என்னத் திரும்ப அந்தக் கட்டிலுக்குக் கொண்டாந்தாங்க. மயக்கம் முழுசா தெளியல. அவங்க கழுத்தத் தொட்டுக் காட்டி, என் பக்கம் பாத்து, இருக்குதான்னு கேட்டாங்க. உங்க தம்பி எழுந்து வெளிய போனாரு பாரு, அப்பதான் என்னால கைய தூக்க முடிஞ்சுது. இருக்குதுன்னு போர்வைக்குள்ளருந்து எடுத்துக் காட்டுனேன். அப்பறம் அவங்க கை கீழ எறங்கிடுச்சு. தூங்கிட்டாங்க."

நான் நிறுத்தத்துச் சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். ஒரு வருஷம். அந்தக் கையை ஒரு வருஷம் நான் தப்பாகப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். தம்பி கோபத்தில் வெளியே போனதால் பார்க்கவில்லை. நான் கோபத்தில் எழுதியதால் கேட்கவில்லை. அம்மா நெருப்பை நினைத்துச் சாகவில்லை.

தூரத்தில் பஸ் வருவது தெரிந்தது. அஞ்சலையம்மா கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டார். ஏறப் போனவர் நின்று, என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு தன் கழுத்தைத் தொட்டு, என் பக்கம் பார்த்து, புருவத்தை உயர்த்தினார்.

புதுச்சேரி வெயிலில் ஸ்வெட்டர் போட முடியாது. கென்ட்டில் வாங்கிய புது உத்தரியம் கைப்பைக்குள் பிரிக்காத உறையில் கிடந்தது. இல்லை என்று தலையாட்டினேன்.